தேவாலா ஓடைகளில் தங்கம் அரித்துக் காட்டுபவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். ஓடை மணலில் தங்கம் அரிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கடந்த ஐப்பசியில் எங்கள் ஊருக்கு வந்த ஒருவரிடம் நானும் என் மச்சானும் சேர்ந்து ரூ.74,000 இழந்தோம். அந்தப் பணத்தில் பாதி என் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பெற்றது.

அவர் முதலில் சொன்னவை எல்லாம் உண்மை என்பதால்தான் நாங்கள் நம்பினோம். தேவாலாவைச் சுற்றியுள்ள ஓடைகளில் பழங்குடி மக்கள் மரத்தட்டில் மண் அரித்துப் பொன் எடுத்ததும், ஆஸ்திரேலியச் சுரங்க வல்லுநரான பிரஃப் ஸ்மித் 1880இல் இப்பகுதியின் தங்கத்தைப் பற்றி அறிக்கை கொடுத்ததும், அந்த ஆண்டுகளில் லண்டனில் பல கம்பெனிகள் பங்கு விற்றதும் இங்கே பலரும் கேள்விப்பட்ட செய்திகள். பாண்டியாறும் புன்னம்புழாவும் போய்ச் சேரும் சாலியாற்றில், கேரளத்து நிலம்பூர்ப் பக்கம், தங்கம் அரித்தவர்கள் உண்டு என்பதும் உண்மையே. ஆனால் பாறையிலிருந்து கிடைத்த பொன் செலவுக்கே கட்டாமல் அந்தக் கம்பெனிகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பச்சைத் தேயிலை விலை கூலிக்கே போதாமல் கிடந்த மாதம் அது.

எங்கள் தோட்டத்தின் கீழே ஓடும் ஓடையில் மூன்று நாட்கள் அரித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் தட்டில் மணலை எடுத்தவுடன், "மாரியம்மாவ நெனச்சுக்குங்கண்ணே" என்று சொல்லி, மடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீற்றை எடுத்து மணல்மேல் தூவுவார். பிறகு நீரில் சுழற்றி அலச, இலேசான மணல் வழிந்துபோய், கடைசியில் கரும்மணலின் ஓரத்தில் மஞ்சள் துகள்கள் மின்னும். அவற்றைச் சிறு குப்பியில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார். தங்கத்தையே கையில் கொடுத்துவிட்டுப் போகிறவரைச் சந்தேகிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மறுநாளே, அடியில் ரப்பர் விரிப்பும் குறுக்குச் சட்டங்களும் பொருத்திய தகரத் தொட்டிக்கும் தட்டுகளுக்கும் ரூ.26,000, கனிமவளத் துறையில் எங்கள் பெயரில் அனுமதி வாங்க ரூ.48,000 என்று எண்ணிக் கொடுத்தோம்.

அவர் போன பிறகு பதினெட்டு நாட்கள் நாங்களே அரித்தோம். கரும்மணல் மட்டுமே தங்கியது. கரும்மணல் இருந்தால் தங்கம் இருக்கும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கரும்மணல் சாதாரண மணலைவிடக் கனமானது என்பதால் அலசும்போது அதுவும் அடியில் தங்கும் என்பதே அதன் பொருள். இரும்புத் தாது மணல் தங்கமே இல்லாத ஓடைகளிலும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கரும்மணல் குவிந்து கிடக்கிறது. அங்கே அதிலிருந்து பிரித்தெடுப்பது இல்மனைட்டும் சிர்கானும் போன்ற தாதுக்களைத்தான். எங்கள் தட்டில் இடையிடையே மின்னியவை காக்காப்பொன் சில்லுகள். நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பிரிந்தன. தங்கம் அப்படிப் பிரியாது, தட்டினால் தகடாகும்.

குப்பியில் இருந்ததைக் கூடலூரில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆத்துல வந்ததில்ல தம்பி, அரத்துல வந்தது" என்றார். நீரில் உருண்டு வந்த பொன்னின் ஓரங்கள் மழுங்கித் தட்டையாக இருக்கும் என்றும், இவையோ ஒரே அளவில், கூரான முனைகளோடு சுருண்டிருப்பதால் நகை ராவிய பொடி என்றும் விளக்கினார். உறுதி செய்துகொள்ளக் கோவையில் கேரட் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தோம். தங்கம் 91 விழுக்காட்டுக்குச் சற்று மேல், மீதியில் பெரும்பகுதி செம்பு, கொஞ்சம் கேட்மியம் என்று சீட்டு வந்தது. இயற்கையான பொன்னோடு கலந்திருப்பது பெரும்பாலும் வெள்ளி. செம்பும், பற்றவைப்பில் சேரும் கேட்மியமும் நகைப் பட்டறையின் அடையாளங்கள். திருநீற்றுப் பொட்டலம் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. சில ஆயிரம் ரூபாய்ப் பொடியைத் தூவி எங்களிடம் முக்கால் லட்சத்தை எடுத்துப் போயிருக்கிறார். அம்மன் பெயரைச் சொல்லி அதைச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அனுமதிச் சீட்டு என்று அரித்துக் காட்டியவர் கொடுத்த தாளைக் கனிமவளத் துறையில் காட்டி விசாரித்தபோது, அப்படியொரு சீட்டே கிடையாது என்றார்கள். முறையான உரிமம் இல்லாமல் தங்கம் தேடுவதும் தோண்டுவதும் 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பதினெட்டு நாட்களும் எந்த நிலையில் நின்றிருந்தோம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலத்தை ஒட்டியோ வனத்துறை எல்லைக்குள்ளோ ஓடை இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

அவர் விட்டுச்சென்ற பாதரசக் குப்பியைப் பற்றி எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டும். துகள்களைப் பாதரசத்தில் சேர்த்து உருட்டி, அடுப்பில் காய்ச்சினால் தங்கம் மட்டும் மிஞ்சும் என்று கற்றுக்கொடுத்திருந்தார். அப்போது எழும் பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலையும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைக் காய்ச்சவே கூடாது என்று என் மனைவி தடுத்ததால் தப்பினோம். அதை வாங்கிய வேறு யாரேனும் இருந்தால், தயவுசெய்து அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். கழிவுநீரிலும் ஓடையிலும் ஊற்றாதீர்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நாடுகாணிப் பக்கம் ஒரு குடும்பத்தாரிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை அரித்துக் காட்டப்போவதாக அவர் சொல்லியிருப்பது இன்று மாலைதான் தெரியவந்தது. அந்தக் குடும்பம் எது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் அங்கே இருந்தால், உங்கள் தட்டில், நீங்களே எடுத்த மணலை, அவர் மடிப் பொட்டலத்தைத் தொடாமலும் திருநீறு தூவாமலும் அரித்துக் காட்டச் சொல்லுங்கள்.