கட்சீன் பண்ணித் தரேன்னு 400 டாலரை முழுங்கிட்டான், உஷாரா இருங்க

செம கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க மக்களே.

நாங்க சின்ன டீம், அன்ரியல் என்ஜின்ல (கேம் செய்யற சாஃப்ட்வேர்) ஒரு கேம் பண்றோம், நடுவுல ஒரு கட்சீன் (கதை சொல்ல வர்ற சினிமா மாதிரி காட்சி) வேணும். ஹீரோவோட டிரெஸ்ஸ பிளேயரே மாத்திக்கலாம், அதனால வீடியோவா ரெண்டர் பண்ணி ஒட்டினா வேலைக்கு ஆகாது, என்ஜினுக்குள்ளயே சீக்வென்சர்ல (அதுல காட்சியைக் கோர்க்கற எடிட்டர்) செஞ்சு ரியல் டைம்ல, அதாவது கேம் ஓடறப்பவே உருவாகி, ஓடணும்னு முதல் மெசேஜ்லயே சொல்லிட்டேன். (வீடியோ கட்சீனே மட்டம்னு சொல்ல வரல, டிரெஸ் மாறாத கேமுக்கு அது தாராளமா போதும்.) ஃப்ரீலான்சர்களைப் பிடிச்சுக் குடுக்கற ஒரு சைட்டு, பேரு வேணாம், அதுல நல்ல ரேட்டிங் இருந்த ஆளுதான்.

வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி சீக்வென்சரைத் திறந்து காட்டினான். கேமரா கட்ஸ் டிராக், ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனி அனிமேஷன் டிராக், கீழ ஆடியோ, பிளேஹெட்டை முன்னாடி பின்னாடி இழுக்க இழுக்க சினி கேமராவோட ஃபோகஸ் ஹீரோ மூஞ்சிலேர்ந்து பின்னாடி நிக்கற வில்லன் மேல அழகா மாறுது. "உங்க பிளேயர் கேரக்டரை ரன்டைம்ல பைண்ட் பண்ணி விட்டுடறேன் ப்ரோ, என்ன டிரெஸ் போட்டிருக்காரோ அதுலயே வருவார்"னு அவனே சொன்னான். ரன்டைம்ல பைண்ட்னா கேம் ஓடறப்பவே கேரக்டரைக் காட்சியோட இணைக்கறது, வேலை தெரியாதவன் வாயில இந்த வார்த்தை வருமா சொல்லுங்க? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம்பினேன். பணத்தை ரிலீஸ் பண்ணினாதான் ஃபைல் வரும்னான், 400 டாலரும் போச்சு.

வந்தது என்ன தெரியுமா, ஒரே ஒரு எம்பி4 வீடியோ! சீக்வென்ஸ் அசெட் (என்ஜினுக்குள்ள திறக்கற காட்சி ஃபைல்) இல்ல, அனிமேஷன் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹீரோ டீஃபால்ட் சட்டையிலயே நிக்கறான், நடந்தா கால் தரையில வழுக்கிட்டே போகுது, வேற கேரக்டர் எலும்புக்கூட்டுக்கு எடுத்த மோகேப்பை (நடிகரோட அசைவைப் பதிவு பண்ணினது) ரீடார்கெட் பண்ணி, அதாவது எங்க ஹீரோவுக்கு மாத்திப் போட்டு, அப்டியே விட்டிருக்கான், கிளீனப் எல்லாம் தொடவே இல்ல. சப்டைட்டிலும் வீடியோலயே எரிச்சு வெச்சிருக்கு, இனி எப்டி வேற மொழி போடறது.

கேட்டா முதல்ல "அப்லோட் ஆயிட்டிருக்கு ப்ரோ", அப்புறம் "சோர்ஸ் ஃபைலுக்கு தனி ரேட்". என்ஜினோட கன்டென்ட் பிரவுசர்ல மைக்ரேட் (வேற ப்ராஜெக்ட்டுக்கு காப்பி பண்ற வசதி) குடுத்தா சீக்வென்ஸோட அது சார்ந்த அசெட்டும் சேர்ந்தே வந்துடும், அதுக்கு என்னய்யா தனி ரேட்டு? அதுக்கப்புறம் பதிலே இல்ல. சைட்டோட சப்போர்ட்ல போய் அழுதா "நீங்க அப்ரூவ் பண்ணிட்டீங்க, ஃபைலும் டெலிவர் ஆயிடுச்சு"ன்னு ஒரே காப்பி பேஸ்ட் பதில், ரியல் டைம்னா என்ன வீடியோன்னா என்னன்னு அங்க எவனுக்கும் தெரியல. 400 டாலர்ங்க, எங்க டீமுக்கு அது சவுண்டுக்குன்னு ஒதுக்கி வெச்ச காசு.

என்ன பண்ணணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. டெலிவரி எம்பி4 இல்ல, ப்ராஜெக்ட் ஃபைலுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. எந்த என்ஜின் வெர்ஷன்னு போடச் சொல்லுங்க, புது வெர்ஷன்ல சேவ் பண்ணின அசெட் பழசுல திறக்காது. உங்க மெஷின்ல, டிரெஸ்ஸ மாத்திட்டு ஓட்டிப் பாக்காம அப்ரூவ் பட்டன் பக்கமே போகாதீங்க. யூனிட்டில (இன்னொரு கேம் என்ஜின்) டைம்லைன், சினிமெஷின்னு அதோட கட்சீன் கருவிகளை வெச்சு பண்ணித் தரேன்னு வர்றவங்ககிட்டயும் இதே கதைதான்.

மீதி அப்புறம் எழுதறேன், சப்போர்ட்டுக்கு இன்னொரு டிக்கெட் போடணும்.