மெட்லைன்பிளஸ்: ஒரு மலையக நூலக மேசையிலிருந்து

இலங்கை மலையகத்தில் ஒரு சின்ன நகரத்துப் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். டியூவி வரிசையில் 616ஆம் எண் தட்டில் இருக்கும் வைத்தியப் புத்தகங்களில் பாதி, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அச்சானவை. ஆனால் வருத்தத்தைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. கிளினிக் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உள்ளே வருவார்கள். பேப்பர் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆள் குறைந்ததும் மேசைக்கு வந்து கிளினிக் கொப்பியை நீட்டுவார்கள். அவர்களுக்காக நான் அதிகம் திறப்பது மெட்லைன்பிளஸ் என்ற தளத்தைத்தான். பல வருடமாகப் பாவித்ததில் தெரிந்த நல்லதையும் கெட்டதையும் எழுதுகிறேன். மற்ற நூலகங்களில் இருப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு போனில் தேடுகிறவர்களுக்கும் உதவும்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998இல் பொதுமக்களுக்காகத் தொடங்கிய தளம் இது. காசு இல்லை, பதிவு இல்லை, விளம்பரம் இல்லை. இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ‘மூட்டுவலி’ என்று சாதாரணமாகத் தேடினால் முதலில் வந்து நிற்பது எண்ணெய் விற்கிறவரின் பக்கம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நோய்கள், மருந்துகள், பரிசோதனைகள் என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மருந்துப் பக்கத்தை யார் எழுதினார்கள், எப்போது திருத்தினார்கள் என்பது கீழே இருக்கும். நான் யாருக்குக் காட்டினாலும் முதலில் அந்த அடிப்பகுதிக்குத்தான் போவேன். முன்பெல்லாம், நம்பகமான சுகாதாரத் தளங்களுக்கு ஜெனீவாவில் ஒரு அமைப்பு கொடுத்த ‘ஹொன்’ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். அந்த அமைப்பு 2022இல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் சில தளங்களில் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பரிசோதனைப் பகுதி அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. தனியார் லேபில் இரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டொக்டரைப் பார்க்க அடுத்த மாதம் வரை காத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். இந்தப் பரிசோதனை எதற்காக, எப்படி எடுப்பார்கள், கூடினால் குறைந்தால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓ.எல். படித்த பிள்ளை கூட இருந்தால் அதுவே வாசித்து அப்பாவுக்குச் சொல்லிவிடும்.

ஆனால் இது அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டது என்பதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது. நாங்கள் பனடோல் என்று சொல்வது பரசிட்டமோல். மெட்லைன்பிளஸில் அந்தப் பக்கத்தின் தலைப்பு அசிட்டமினோஃபென். இளைப்புக்கு இழுக்கும் சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட். தெரியாதவர் தேடினால், தன்னுடைய மருந்து அங்கே இல்லவே இல்லை என்று நினைத்துவிடுவார். இதில் விளையாட்டில்லை: தடிமனுக்குக் கடையில் வாங்கும் கூட்டு மாத்திரையிலும் பரசிட்டமோல் இருக்கலாம், மேலே பனடோலும் போட்டால் அளவு கூடிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. அதைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. மது அதிகம் குடிப்பவர்களுக்கும், ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும், எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அதற்குள்ளேயே ஆபத்து வரலாம். ஆகவே மேசை லாச்சியில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் நம்ம ஊர்ப் பெயர், வலப்பக்கம் அமெரிக்கப் பெயர். புதிதாக ஒன்று வந்தால் சேர்ப்பேன்.

அவசரம் என்றால் 911க்கு அழையுங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். நம்ம நாட்டில் அம்புலன்சுக்கு 1990. அச்சு எடுத்துக் கொடுக்கும் தாளில் அதை வெட்டி இதை எழுதித்தான் கொடுக்கிறேன்.

இதற்குத் துணையாக நான் பாவிப்பது பிரித்தானியாவின் அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் தளம். மருந்துப் பெயர்கள் நமக்குப் பழகியவை. எப்போது சரிபார்த்தோம், அடுத்து எப்போது சரிபார்ப்போம் என்று இரண்டு திகதியும் போட்டிருப்பார்கள். மெட்லைன்பிளஸும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல். ஒரு மாமா தன் ரிப்போர்ட்டையும் மகன் போனில் எடுத்துக் கொடுத்த என்எச்எஸ் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: “மிஸ், இதுல ஏழு வந்தா சக்கரைன்னு இருக்கு. எனக்கு நூத்தி இருவத்தாறு போட்டிருக்கே. நான் இன்னும் உயிரோட இருக்கிறதே அதிசயமா?”

இரண்டும் ஒன்றுதான். பிரித்தானியர் மில்லிமோலில் அளக்கிறார்கள், நம்ம லேப்கள் பெரும்பாலும் மில்லிகிராமில். 7ஐ 18ஆல் பெருக்கினால் 126. அந்த 126 என்பது வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவில் நீரிழிவு என்று சொல்லும் கோடு. அதுவும் மறுபடி ஒரு முறை சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். இதைச் சொன்னதும் மாமா சிரித்தார். சிரித்துவிட்டு, “அப்ப கோட்டுலதான் நிக்கிறேன்” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை டொக்டரிடம் காட்டும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தளங்களை வைத்துக்கொண்டு ஒரு நூலகர் செய்யக்கூடிய உருப்படியான வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. பதில் சொல்வதைவிட, அடுத்த கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்று ஆளைத் தயார்படுத்துவது.

சில நேரம் ஒரே ஒரு வரி பெரிய வேலை செய்யும். இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிற அக்காமார் பலர், காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடும் அவசரத்தில் தேத்தண்ணியோடு அதை விழுங்கிவிடுவார்கள். தேயிலையில் உள்ள டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள் என்று என்எச்எஸ் பக்கம் சொல்கிறது. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் தேத்தண்ணியைத் தள்ளி வை என்றால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் நேரத்தை மாற்று என்றால் கேட்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தினமும் கறுவாத் தண்ணி குடித்தால் சீனி இறங்கிவிடும், மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒரு செய்தி வருடா வருடம் சுற்றி வரும். நம்ம நாட்டுச் சரக்கு என்பதால் நம்பிக்கை இரட்டிப்பு. இந்த மாதிரி நேரத்தில், ஒரே விஷயத்தைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகள் கை கொடுக்கும். கறுவா பற்றி 2012இல் வந்த தொகுப்பில் 10 பரிசோதனைகளையும் 577 பேரையும் சேர்த்துப் பார்த்தும், நீரிழிவுக்கு அதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். போதாக்குறைக்கு, கசியா என்ற மலிவான வகையில் கூமரின் என்ற பொருள் அதிகம். நிறையச் சாப்பிட்டால் ஈரலைப் பாதிக்கக்கூடும். நம்ம சிலோன் கறுவாவில் அது மிகக் குறைவு. கறியில் போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை. கொக்ரேனின் எளிய சுருக்கங்களில் சில தமிழிலும் உண்டு. எல்லாத் தலைப்புக்கும் எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தை மட்டும் நோயாளிக்குத் திறந்து காட்டாதீர்கள். எலியில் செய்த ஆய்வையும் மனிதரில் செய்த ஆய்வையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியாது, பயம்தான் மிஞ்சும்.

என் கருத்து மாறிய ஒரு இடமும் உண்டு. முகவரி, அமெரிக்க அரசுத் தளங்களுக்குரிய ‘டொட் கவ்’ என்று முடிந்தால் நம்பலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக் கொடுத்தோம். 2025 ஜனவரி முடிவில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு நிறுவனமான சிடிசி தன் தளத்திலிருந்து பல பக்கங்களை இறக்கியது. பிறகு நீதிமன்றம் சொல்லித்தான் சில திரும்ப வந்தன. அதே ஆண்டு நவம்பரில், தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்று தெளிவாக இருந்த பக்கத்தைக் குழப்பி எழுதிவிட்டார்கள். இத்தனை கால ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. மாறியது ஆராய்ச்சி இல்லை, ஆட்சி. மெட்லைன்பிளஸ் பக்கங்களிலிருந்து சிடிசிக்கு இணைப்புகள் நிறையப் போகின்றன. ஆகவே தடுப்பூசி என்று வந்தால் இப்போது நேரே உலக சுகாதார நிறுவனத்தையும் நம்ம நாட்டுத் தொற்றுநோயியல் பிரிவையும் பார்க்கிறேன். பிள்ளைக்கு எந்த மாதத்தில் எந்த ஊசி என்பதற்கு எப்படியும் நம்ம அட்டவணைதான் செல்லும்.

மெட்லைன்பிளஸின் பெரிய குறை தமிழ்தான். முழுத்தளமும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமே. டெங்கு, கர்ப்ப காலப் பராமரிப்பு, பிள்ளைகளின் சாப்பாடு மாதிரி விஷயங்களுக்கு சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழில் போட்டவற்றையே அச்செடுத்துக் கொடுக்கிறேன். மருந்து பற்றித் தமிழில் நம்பி நீட்ட இன்னும் ஒன்றும் என் கையில் இல்லை. அந்த இடத்தை யூடியூப் பிடித்துக்கொண்டது, அங்கே யார் டொக்டர், யார் நடிக்கிறார் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

எந்தத் தளமும் உதவாத ஒன்று, மாத்திரை போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்னக் கடதாசி உறை. மேலே பேனையால் இரண்டு எழுத்து, பக்கத்தில் ‘பிடி’. ‘பிடி’ என்றால் நாளைக்கு இரண்டு வேளை, ‘நொக்டே’ என்றால் இரவில். அதை நான் சொல்லிவிடுவேன். மருந்தின் பெயரே விளங்காவிட்டால் ஊகித்துத் தேட மாட்டேன். “அக்கா, பஸ் போனாலும் பரவாயில்லை, மருந்து கொடுத்த கவுண்டரிலேயே திரும்பக் கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவேன். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சரி, சுளிக்கட்டும்.

அப்புறம், நூலகக் கணினியில் தேடிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் எழுந்ததும் தேடிய வரலாற்றை அழித்துவிட்டு, அச்சு இயந்திரத்தில் தாள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அடுத்தவரை உட்கார வையுங்கள். ஊர் சின்னது, அடுத்து வருகிறவர் அதே லயத்து ஆளாகவும் இருக்கலாம்.