சீலிங் ஃபேனுக்குக் கீழே ஒரு மாடல் மேசை

சென்னையில் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவனுக்கு முதல் பிரச்சினை மேசையும் இல்லை, கருவியும் இல்லை. தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன்தான். போட்டால் 1/72 (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு) விமானத்தின் ஆன்டெனா அறையின் மறுகோடிக்குப் போய்விடும், பசை இணைப்புக்குள் இறங்கும் முன்பே காய்ந்துவிடும், பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷின் முனையில் பெயின்ட் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். போடாவிட்டால் நெற்றி வியர்வை நேராக இறக்கை மேல் சொட்டும். படுக்கையறையின் ஜன்னலோர மூலையில் நான் அமைத்த இடம் சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. எது தாக்குப்பிடித்தது, எதற்குக் கொடுத்த காசு நியாயம் என்று எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் 1/72, 1/48 விமானங்கள், எப்போதாவது ஒரு 1/35 டாங்கி, இதுதான் என் வேலை. கார், கப்பல் கட்டுகிறவர்களுக்கு சில விஷயங்கள் மாறும்.

ஃபேனுக்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணமானது. மேசையில் உட்கார்ந்தால் சீலிங் ஃபேன் கிடையாது. பெடஸ்டல் ஃபேனை முதுகுக்குப் பின்னால் தள்ளிவைத்து, தலையைத் தாழ்த்தி, காற்று முழங்காலுக்குக் கீழேயே போகும்படி திருப்பிவிடுகிறேன். கால் குளிர்ந்தால் பாதி புழுக்கம் போய்விடும். மேசை மட்டத்தில் ஒரு துரும்பும் அசையாது. ஏப்ரல், மே மதியங்களில் இதுவும் பத்தாது. அந்த மாதங்களில் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வேலை.

மேசை 4 அடிக்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், மேலே பளபளப்பில்லாத வெளிர்சாம்பல் மைக்கா. வெள்ளை வேண்டாம், கண் கூசும். மரவேலைக்காரர், “எழுதுற டேபிள்தானே சார், முப்பது இஞ்ச் போதும்” என்றார். முப்பத்துநான்கு கேட்டு வாங்கினேன். எழுதும்போது நாம் மேலிருந்து பார்க்கிறோம், மாடல் வேலையில் சாமானைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பார்க்கிறோம். உயரம் குறைந்தால் கழுத்துதான் இறங்கி வரும். ஏற்கெனவே தாழ்ந்த மேசை இருக்கிறதென்றால் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, அதன் மேல் ஒரு பழைய மணைப்பலகையைப் போட்டு அதில் வேலை செய்யுங்கள். மேசையின் பின்பக்கமும் இரு பக்கங்களும் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து விளிம்பு எழுப்பியிருக்கிறேன். இந்த மூலையிலேயே மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் கொடுத்தது அந்த ரீப்பர்தான். உருளுகிற பெயின்ட் பாட்டிலும் தூரிகையும் கீழே போவதே இல்லை.

முன்பக்கம் விளிம்பு வைக்க முடியாது, கை உறுத்தும். அதனால் விழுகிற பாகமெல்லாம் மடியில்தான் விழும். பேன்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தொடை இடுக்கு வழியாகத் தரைக்குப் போய்விடும். லுங்கி கட்டிக்கொண்டு முட்டியை அகட்டி உட்கார்ந்தால் நடுவில் துணி தொட்டில் மாதிரி தொங்கும், எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர்கள் ஏப்ரனின் கீழ் நுனியை மேசைக்கு அடியில் கிளிப் போட்டு இதையே செய்கிறார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை.

அதையும் தாண்டித் தரைக்குப் போனால்? எங்கள் வீட்டில் பழைய மொசைக் தரை. சாம்பல், கருப்பு, வெள்ளைப் புள்ளிகள். ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய சாம்பல் நிறப் பிட்டோ குழாய் (விமானத்தின் வேகம் அளக்கும் ஊசி போன்ற பாகம்) அதில் விழுந்தால் நேராக உற்றுப் பார்த்தாலும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். மொசைக் புள்ளிக்கு நிழல் கிடையாது, பாகத்துக்கு உண்டு. அரிசி அளவு பாகம்கூட விரல் நீளத்துக்கு நிழல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக இடம் அமைப்பவர்கள் மேசைக்கு அடியில் ஒற்றை நிறத்தில் லினோலியம் விரித்துவிடுவது நல்லது.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு விளக்கு இருந்தால் கையின் நிழலே வேலையை மறைக்கும். இடது, வலது என இரண்டு வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய எல்இடி பட்டைகளை அலுமினியச் சட்டத்தில் ஒட்டி நானே செய்த விளக்குகள்தான் என்னுடையவை. ஒளியின் நிறம் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல். இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் ஆலிவ் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும், காலையில் பால்கனிக்குக் கொண்டுபோனால் வேறு விமானம் நிற்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு காட்டும் தலைப்பட்டை லென்ஸ் அவசியம். கைப்பிடி பூதக்கண்ணாடியால் பயனில்லை, ஒரு கையை அது தின்றுவிடும்.

கருவிகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. பாகங்களை வெட்டியெடுக்க நல்ல நிப்பர் ஒன்று, 400 முதல் 2000 வரை எமரி பேப்பர் (கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் வாட்டர் பேப்பரே போதும்), ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும் நகம் தேய்க்கும் பட்டைகள், ஒரு ஏ3 கட்டிங் மேட். பிளேடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மருத்துவச் சாமான் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும் ஹாபிக் கத்தியைவிட மிக மலிவு, கூர்மையும் அதிகம். ஆனால் மெல்லியது. இழுத்து வெட்டலாம், நெம்பக் கூடாது. நெம்பினால் நுனி ஒடிந்து பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நெம்பும் வேலைக்குத் தடித்த ஹாபிக் கத்தி தனியாக இருக்கட்டும்.

இந்த ஊர்க் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. விரல் வியர்வை பட்ட நிப்பர் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் செம்புள்ளி விடும். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பழைய பனியன் துணியில் ஒரு துடைப்பு. அரம், ட்வீசர், பிளேடு எல்லாவற்றுக்கும் இதுதான் வைத்தியம்.

பசைக்கு தாமியா கம்பெனியின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின். இதைப் பசை என்பதைவிட பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டவைக்கும் கரைப்பான் என்பதே சரி. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் விளிம்பைத் தொட்டால் திரவம் தானாகவே இடுக்கில் ஓடும். கோடு கருமையாகி நீள்வது கண்ணுக்குத் தெரியும். காற்று அடிக்கிற இடத்தில் இந்த ஓட்டம் பாதியில் நின்றுவிடும், பிறகு அழுத்தினால் மூட்டு பிளக்கும். பாட்டில் சின்னது, எளிதில் கவிழும். ஒரு மரக்கட்டையில் அதன் அளவுக்குக் குழி போட்டு உட்காரவைத்திருக்கிறேன். ஒட்டுவதும் பெயின்ட் கலப்பதும் வீட்டு வேலையில் மிஞ்சிய ஒரு விட்ரிஃபைட் டைல் மேல்தான். பசை அதில் பிடிக்காது, காய்ந்த பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டிவிடலாம்.

இனி ஏர்பிரஷ். பணமும் தலைவலியும் அதிகம் போன இடம். 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள டூயல் ஆக்‌ஷன் பிரஷ் (ஒரே விசையை அழுத்தினால் காற்று, இழுத்தால் பெயின்ட்), மூன்று லிட்டர் டாங்க் உள்ள சின்ன கம்ப்ரஸர். டாங்க் இல்லாத கம்ப்ரஸர் வாங்கவே வாங்காதீர்கள். காற்று துடித்துத் துடித்து வரும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஈரம். காற்றை அழுத்தினால் சூடாகும், டாங்கில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். டாங்க் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். இல்லையென்றால் அது குழாய்க்குள் ஆறும். பாதி கேமஃப்ளாஜ் (மறைவு வண்ணத் திட்டுகள்) அடித்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் ஒரு தும்மல் தும்மி இறக்கையில் தண்ணீர்ப் பொட்டு வைக்கும். என் கம்ப்ரஸரில் வடிகட்டி இருந்தும், கைப்பிடிக்குக் கீழே இன்னொரு சின்ன வடிகட்டி போட்ட பிறகுதான் அது முழுதாக நின்றது. டாங்கின் அடியிலுள்ள வால்வை ஒவ்வொரு தடவையும் திறந்துவிட வேண்டும். நவம்பரில் திறந்தால் துருநிறத் தண்ணீர் கொஞ்சம் கொட்டும்.

சத்தம் பற்றி விளம்பரத்தில் போடும் டெசிபல் எண்ணை நம்பலாம், ஆனால் அது அதிர்வைச் சொல்லாது. தரையில் நேராக வைத்தால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். தடித்த ரப்பர் மிதியடி மேல் வைத்தேன், அதோடு புகார் நின்றது.

காட்டமான தின்னரில் கரைக்கும் லாக்கர் பெயின்ட் அடிப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை சோதனைக் காலம். கருப்பு அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் பால் தெளித்த மாதிரி ஒரு வெண்மூட்டம் படரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மெல்லியதாக மேலே ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதைவிட நல்ல வழி, பெயின்ட் அடிப்பதற்கு அரை மணி முன்பே ஏசியைப் போட்டு அறையை உலரவைப்பது. கோடையில் பிரச்சினை நேர் எதிர். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் முனையிலேயே காய்ந்துவிடும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில சொட்டு இல்லாமல் வேலை ஓடாது.

ஏசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றவிடுகிறது. கதவை மூடிக்கொண்டு ஏசியில் லாக்கர் அடித்தால் அந்த ஆவியைத்தான் இரவு முழுக்கச் சுவாசிப்பீர்கள். படுக்கையறையிலேயே வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது விளையாட்டில்லை. “என்னடா இது, ஆஸ்பத்திரி மாதிரி நாத்தம்?” என்று அம்மா கேட்ட அன்றே, பெயின்ட் ஆவியை இழுத்து வெளியே தள்ளும் ஸ்ப்ரே பூத் வாங்க முடிவு செய்தேன்.

மடக்குகிற பெட்டி மாதிரி இருக்கும் சின்ன பூத்துகள் நிமிஷத்துக்கு மூன்று கனமீட்டர் காற்றை இழுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். பின்னால் மாட்டும் மடிப்புக் குழாய் நீண்டு வளைந்தால் அதில் பாதிகூடத் தேறாது. எனவே பூத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள், குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. என் ஸ்லைடிங் ஜன்னலின் திறந்த பக்கத்துக்கு ஓர் அக்ரிலிக் தகடு வெட்டி, 4 அங்குல ஓட்டை போட்டு, வேலை நேரத்தில் மட்டும் செருகுகிறேன். வெளியே கொசுவலை இருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். பறக்கும் பெயின்ட் துகள் வலைக் கண்களில் படிந்து கொஞ்ச நாளில் மூடிவிடும். அப்புறம் மோட்டார் கத்தும், காற்று வெளியேறாது. குழாயை அப்படியே வெளியே நீட்டிவிட்டாலும் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூத்தைப் போட்டதும் உள்ளே படபடவென்று சத்தம், புறா குச்சி அடுக்கத் தொடங்கியிருந்தது. இப்போது வேலை முடிந்ததும் குழாய் உள்ளே வந்துவிடும், ஓட்டைக்கு மூடி போட்டுவிடுவேன்.

இழுக்கிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும் என்பதால் அறைக்கதவைக் கை நுழையும் அளவுக்குத் திறந்துவைக்கிறேன். பூத் இருந்தாலும் முகமூடி உண்டு. என்95 தூசிக்கு மட்டும்தான், ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போது போட்டுக்கொள்ளலாம். லாக்கர் ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக ரெஸ்பிரேட்டர் வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜைத் திறந்தபடி ஆணியில் மாட்டிவைத்தால் சும்மா இருக்கும்போதே காற்றிலுள்ளதை உறிஞ்சித் தீர்ந்துபோகும். ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடுங்கள்.

டீகாலுக்கு (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்கள்) எங்கள் போர்வெல் தண்ணீர் சரிப்படாது. காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளை உப்புக்கோடு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வருஷக்கணக்கில் வரும். டீகால் தாள்களை கிட் பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. பசை ருசிக்கு இராமபாணப் பூச்சி வரும், ஈரத்தில் தாள் சுருளும். எல்லாத் தாளையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு ஒரே ஃபைலில் அடுக்கியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படையின் மிக்-21களுக்கு விடைகொடுத்த செய்தியைப் பார்த்துவிட்டு, வெகுநாளாகக் கிடந்த எடுவர்ட் கம்பெனியின் 1/48 மிக்-21 பெட்டியை எடுத்தேன். இந்தியச் சின்னங்களுள்ள தாள் மஞ்சளாகாமல், சுருளாமல் இருந்தது. முடித்த விமானங்களுக்குக் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, வெயில் படாத சுவரில். திறந்த அலமாரி என்றால் தூசியைத் துடைத்துவிடலாம், பல்லி எச்சம் மேட் வார்னிஷில் விட்ட கறை போகாது.

திரவ ரெசினை ஒளியால் கெட்டியாக்கிப் பாகம் செய்யும் ரெசின் பிரிண்டர் வாங்கவில்லையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆசை இருக்கிறது. ஆனால் கெட்டிப்படாத ரெசின் தோலுக்கு ஆகாது, கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லிட்டர் கணக்கில் வேண்டும், வாசனை மணிக்கணக்கில் நிற்கும். ஆள் தூங்குகிற அறையில் அதை வைக்க மாட்டேன். மொட்டை மாடியில் தனி அறை உள்ள நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், வேண்டிய பாகத்தை அவரிடம் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.