85 மி.மீ. எஃப் 1.4: ஜரிகையில் வைத்துப் பார்த்த லென்ஸ்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம்மவர்கள் வீட்டு விசேஷங்களைப் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. சில முகூர்த்த சீசன்களாக இந்த 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்தான் கேமராவில் இருக்கிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸில் ஒளி நுழையும் துளை (அபெர்ச்சர்) பெரிதாகும். கம்பெனி பெயர் வேண்டாம். கீழே சொல்லும் குறைகள் இந்த ரக லென்ஸ்கள் பலவற்றிலும் உண்டு.

முகத்துக்குக் குறையே இல்லை. முழுசாகத் திறந்து எடுத்தாலும் இமைமுடியை எண்ணிவிடலாம். வம்பு தொடங்குவது பட்டுப்புடவையில். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் ஜரிகையில் லேசான மெஜந்தா ஏறுகிறது, பின்னால் இருப்பதில் பச்சை. எல்லா நிறமும் ஒரே தூரத்தில் குவியாததுதான் காரணம். படத்தின் ஓரங்களில் மட்டும் வரும் நிறப்பிசிறை மென்பொருள் சுலபமாகச் சரிசெய்துவிடும். இது நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு சஷ்டியப்தபூர்த்தி ஆல்பத்தைப் புரட்டிய பெரியம்மா கேட்டார்: "என்னப்பா, என் வைர மூக்குத்தி கத்தரிப்பூ கலர்ல மின்னுது?"

ஊதாவை அழிக்க லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஸ்லைடர் இருக்கிறதே என்பீர்கள். ராணி கலர் புடவையில் அதை இழுத்துப் பாருங்கள், பிசிறோடு சேர்ந்து கரையின் நிஜ நிறமும் வெளுக்கும். பிரஷ் எடுத்து மூக்குத்திக்கு மட்டும் போடுவதுதான் வழி. எஃப் 2-இல் பாதி குறைகிறது, 2.8-இல் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. அதனால் நகை தெரிய வேண்டிய படம் என்றால் நான் 2.8 தான். இன்னொன்று: இரண்டு மீட்டர் தூரத்தில், ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), எஃப் 1.4-க்குக் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். மூக்குத்தி பளிச்சென்று இருந்தால் ஜிமிக்கி போச்சு.

பின்னணி மங்கல் அழகுதான். மண்டபத்து சீரியல் பல்புகள் நடுவில் முழு வட்டமாகவும், ஓரங்களில் இருபுறமும் கூம்பிய பூனைக்கண்ணாகவும் விழும். சாய்ந்து வரும் ஒளியை லென்ஸ் குழலே கொஞ்சம் வெட்டுவதால் அப்படி. மூட மூட வட்டமாகிவிடும். வட்டத்துக்குள் நறுக்கிய வெங்காயம் போல விழும் வளையம் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் பட்டப்பகலில் எடுத்தபோது வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வந்தன. அதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை. எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனில் (ஷட்டரின் முதல் திரைக்குப் பதில் சென்சாரே பதிவைத் தொடங்கும் முறை), பெரிய அபெர்ச்சரோடு, வேகமான ஷட்டரில் அப்படித்தான் வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரி. அந்த வெயிலில் 1.4-க்கு 1/8000 வினாடி கூடப் பத்தாது, ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவை.

வாங்கப் போகிறவர்கள் சோதனை அட்டை தேட வேண்டாம். ஒரு ஜரிகை முந்தானையை மேசையில் விரித்து, சாய்வாக நின்று நடுவில் ஃபோகஸ் செய்து, 1.4, 2, 2.8 மூன்றிலும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எப்படியும் 2.8-இல்தான் எடுப்பேன் என்பவருக்கு எஃப் 1.8 போதும், விலையும் கம்மி, எடையும் கம்மி. நான் இதை விற்காமல் வைத்திருப்பது விளக்கு மங்கிய ரிசப்ஷன் ஹால்களுக்காக.