மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களுக்கு என் முகம் தெரியாது

மனநலத்துக்காக மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் யாரும், முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் சொன்னார் என்பதற்காக அதை ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் அப்படி நிறுத்தினேன். 28,000 ரூபாயும் ஏழு வார நிம்மதியும் போயின. அவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று நேராமல் போனதற்கு, என் தம்பி ஒரு வெள்ளிக்கிழமை மாலை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றதுதான் காரணம்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. நன்கு தெரிந்த கணக்கைக் கரும்பலகையில் பாதிவரை போட்டுவிட்டு, அடுத்த வரி நினைவுக்கு வராமல், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருக்கிறேன். இரண்டு மாதம் இப்படியே கழிந்ததும், தம்பி வற்புறுத்தி மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனான். அங்கிருந்த மருத்துவர் இருபது நிமிடங்களுக்கு மேல் என்னிடம் பேசினார். மனச்சோர்வு என்று சொல்லி எசிடலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், முதல் சில நாள்கள் குமட்டல் இருக்கலாம், என்ன ஆனாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு தந்தார். அதைக் கைப்பையில் வைத்ததோடு சரி.

ஐந்து வாரத்தில் என் தூக்கம் ஐந்து மணி நேரமாகக் கூடியிருந்தது. அந்த முன்னேற்றத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை. பகல் முழுவதும் உடல் கனத்துக் கிடந்ததும், எடை கூடியதும், முடி கொட்டியதும்தான் கண்ணில் பட்டன. பக்கத்து வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாத்திரை அட்டையைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இந்த நிலையில்தான், மனம் விட்டுப் பேசுவதற்கென்று நடத்தப்பட்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் தோழி ஒருத்தி என்னைச் சேர்த்துவிட்டாள்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு "அப்பா செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது" என்று நான் எழுதியபோது, தம் தாயைப் பறிகொடுத்த ஒருவர் விடியும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆறுதல் உண்மையானது. அதற்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆனால் அந்த ஆறுதல் உண்டாக்கிய நம்பிக்கையில்தான், ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நோயும் தெரியும் என்று தவறாக நினைத்துவிட்டேன். ஒரே வாரத்தில் எனக்கு மூன்று நோய்கள் சொல்லப்பட்டன. அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வருவதால் இருமுனை மனநோய் என்றார் ஒருவர். கரும்பலகை முன் மறந்து நின்றதைக் கேட்டு, கவனக் குறைபாடான ஏ.டி.எச்.டி. என்று உறுதியாகச் சொன்ன இன்னொருவர், அதற்குச் சான்றாகப் பதினொரு காணொளிகளை அனுப்பினார். மூன்றாமவர் குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதில் குறை என்றார். மூவருக்கும் கிடைத்தது நான் தட்டச்சு செய்த சில வரிகள் மட்டுமே. ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் அந்த நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏ.டி.எச்.டி. காணொளிகளை ஆராய்ந்து, அவற்றில் 52 தவறாக வழிநடத்துபவை என்று 2022இல் கனடாவின் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருப்பதையும் அதன் பிறகே படித்தேன்.

அந்தக் குழுவில் தம்மை 'மனவளப் பயிற்சியாளர்' என்று சொல்லிக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் தனியே செய்தி அனுப்பி, "சகோதரி, உங்கள் வலி எனக்குப் புரிகிறது" என்று தொடங்கினார். நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கட்டணமில்லாமல் நிரப்பச் சொன்னார். மற்றவர்கள் உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுவதுண்டா, வெளியே சிரித்தபடி உள்ளே அழுததுண்டா என்பன போன்ற கேள்விகள். மறுநாள் வந்த இரண்டு பக்க அறிக்கையில் ஒவ்வொரு வரியும் என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்ததால் அழுதுவிட்டேன். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரிசோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல ஒரே குறிப்பைக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் இட்ட மதிப்பெண்ணின் சராசரி, ஐந்துக்கு 4.26. நான் அழுத அந்த அறிக்கையும் அத்தகையது என்பதை, அதே குழுவில் இருந்த வேறொரு பெண்ணுக்கு வந்த அறிக்கையை என்னுடையதோடு வைத்துப் பார்த்தபோது அறிந்தேன். பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை.

அந்தப் பயிற்சியாளர் கேட்ட முதல் தொகை 12,000 ரூபாய். முதல் அமர்விலேயே, மாத்திரை மூளையை மழுங்கடிக்கிறது, எடை கூடுவதும் சோர்வும் அதன் நஞ்சுதான், மாத்திரையும் பயிற்சியும் ஒன்றாகச் செல்லாது, அன்றே நிறுத்தினால்தான் பயிற்சி பலிக்கும் என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றிச் சொன்னதற்கு, "மனசு ரத்தத்திலா இருக்கு?" என்று கேட்டார். நான் மாத்திரையை அன்றே நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல ஓர் அதிர்வு ஓடியது. குமட்டல், வியர்வை, விழித்த பிறகும் விடாத கெட்ட கனவுகள். பயந்துபோய் அவருக்கு எழுதினேன். "நஞ்சு வெளியேறுகிறது, வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. குழுவிலும் பலர் வாழ்த்தினார்கள். நான் எவ்வளவு வாடினேனோ அவ்வளவுக்குப் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள் சொல்லப்பட்டது. எது நடந்தாலும் அவர் சொன்னதற்கே சான்றாகிவிடும்படி அந்த விளக்கம் அமைந்திருந்ததால், தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இருக்கவில்லை. ஆழமான காயத்துக்கு அடுத்த நிலைப் பயிற்சி வேண்டும் என்று சொல்லி இன்னும் 16,000 ரூபாய் வாங்கினார். அப்பாவின் காரியத்துக்காகச் சேர்த்ததில் மிஞ்சியிருந்த பணம் அது.

அதிர்வுகள் இரண்டு வாரத்தில் குறைந்தன. அதன்பின் பழைய இருள் மெல்ல மெல்லத் திரும்பியது. ஏழாம் வாரத்தில் ஓர் இரவு, நான் இல்லாமல் போனால் வீட்டில் எல்லாருக்கும் பாரம் குறையும் என்ற எண்ணம் வந்து நகராமல் நின்றது. அதைக் குழுவில் எழுதினேன். பூப்படங்கள் வந்தன; இதுவும் கடந்து போகும் என்ற வாசகம் வந்தது. பயிற்சியாளரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் மாலை தம்பி வந்தான். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "அக்கா, மாத்திரையை நிறுத்திட்டியா?" என்று கேட்டான். எத்தனையோ பேர் வாரக்கணக்கில் படித்த என் எழுத்தில் தெரியாதது, அவனுக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மருத்துவர் என்னைத் திட்டவில்லை. எந்த அறிகுறி எந்த நாளில் தொடங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இத்தகைய மருந்துக்கு உடல் பழகிய பிறகு சட்டென்று நிறுத்தினால் சில நாள்களிலேயே தலைச்சுற்றலும் மின்னதிர்வும் வரும் என்றும், நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெதுவாகவே வரும் என்றும், எனக்கு முதலில் அதுவும் பின்னர் இதுவும் நேர்ந்திருக்கின்றன என்றும் விளக்கினார். மருந்தை விட வேண்டிய காலம் வரும்போது அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தாமே நிறுத்துவதாகச் சொன்னார். சாக விரும்பும் எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்டார். அந்த ஏழு வாரத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அன்றே ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு நாலைந்துக்குள் இருக்க வேண்டும்; எனக்கு 19 இருந்தது. சோர்வு, எடை, முடி உதிர்தல் என்று நான் மாத்திரையின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி தைராய்டுக் குறைபாட்டைச் சேர்ந்தது. மனச்சோர்வையும் அது கூட்டியிருக்கும் என்றார். இப்போது இரண்டுக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கணக்கையும் நிற்காமல் போட முடிகிறது.

பணம் கொடுப்பதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டியது ஒரு பதிவு எண்ணைத்தான். மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும்; 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, இணையவழியில் மருந்து எழுதுபவரும் அந்த எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உண்டு. இந்த மனிதர் எனக்குக் காட்டியதோ இரண்டு நாள் வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். இந்த எண் மட்டும் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால்! பண மோசடிக்கான 1930 என்ற எண்ணில் என் புகார் பதிவாகியிருக்கிறது. பணம் திரும்பவில்லை.

போன வாரம்வரை அந்தக் குழுவிலிருந்து நான் விலகாமல்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மாத்திரையை நிறுத்தி மூன்று நாளாகிறது, தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல இருக்கிறது, இது சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தார். நஞ்சு வெளியேறுகிறது, வாழ்த்துகள் என்று அதே பதில் அடுத்த நிமிடம் வந்தது. மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் நாளைக் காலையே போங்கள், எனக்கும் இப்படித்தான் ஆனது என்று நான் எழுதினேன். அவர் படித்தாரா என்று தெரிவதற்குள் என் செய்தி அழிக்கப்பட்டது. குழுவிலிருந்து நானும் நீக்கப்பட்டேன். அவருடைய பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. இந்தப் பதிவைப் பொதுவில் வைத்திருப்பது அவர் கண்ணில் படுவதற்காகத்தான்.