கலிஃபோர்னியா பி அண்ட் சி எக்ஸாமுக்கு தமிழ்ல க்ராஷ் கோர்ஸ்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி இதை படிங்க

ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவால்ட்டி (பி அண்ட் சி) இன்சூரன்ஸ் விக்கற லைசென்ஸுக்கு படிக்கிறவங்க, முக்கியமா இங்கிலீஷ்ல அவ்ளோ பெரிய புக்கை பாத்து மலைச்சுப்போய் தமிழ்ல யாராவது சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்குமேன்னு தேடிட்டு இருக்கவங்க, உங்களுக்காகத்தான் டைப் பண்றேன். 2025ல நானும் அப்படி தேடித்தான் ஒரு க்ராஷ் கோர்ஸுக்கு 349 டாலர் கட்டினேன். பேரை மாத்தி மாத்தி விக்கறாங்க, அதனால பேரை விட எப்படி ஏமாத்தறாங்கன்னு தெரிஞ்சுக்கறது தான் உங்களுக்கு உதவும்.

ஸ்டேட் அப்ப கட்டாயம் பண்ணியிருந்த ப்ரீலைசென்சிங் கோர்ஸை நான் தனியா முடிச்சிருந்தேன். இது எக்ஸாமுக்கு மட்டும் 40 மணி நேர வீடியோ, கூட 600 கேள்வி. வாட்ஸ்அப்ல பேசின தம்பி ரொம்ப பணிவா பேசினாரு. "அக்கா, நம்ம கேள்வில இருந்து அப்படியே வரும், மனப்பாடம் பண்ணிட்டு போங்க, ஃபெயில் ஆனா முழு பணமும் திருப்பி." நம்ம மொழில பேசறாங்க, நம்மள ஏமாத்த மாட்டாங்கன்னு நம்பிட்டேன். எக்ஸாம் கேள்வியை வெளில எடுத்துட்டு வர்றதே விதிப்படி தப்பு, அப்படி சொல்லி விக்கறவங்க பொய் சொல்றாங்க இல்லன்னா தப்பு பண்றாங்க, ரெண்டுல எதுவா இருந்தாலும் காசு குடுக்கக்கூடாதுன்னு அப்ப எனக்கு தோணல.

வீடியோல முதல் பாடத்துலயே கோளாறு. சொல்லிக்கொடுக்கறவர் பெரில், ஹஸார்ட் ரெண்டையும் "ஆபத்து"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயிட்டாரு. பெரில்ங்கறது நஷ்டத்தை உண்டாக்கற காரணம், தீ, காத்து, திருட்டு மாதிரி. ஹஸார்ட்ங்கறது அந்த நஷ்டம் நடக்கற வாய்ப்பை கூட்டற நிலைமை, கேரேஜ்ல எண்ணெய் துணி குவிஞ்சு கிடக்கறது மாதிரி. அதுலயும் மாரல் ஹஸார்ட்னா வேணும்னே ஏமாத்தற புத்தி, மொரேல் ஹஸார்ட்னா இன்சூரன்ஸ் தான் இருக்கேங்கற அசட்டை. தமிழ்ல காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே கேக்கும், அதனாலயே பிரிச்சு சொல்லணும். அவர் ஒரு எழுத்து தான் வித்தியாசம், ரெண்டும் ஒண்ணுதான்னு தாண்டிட்டாரு.

அடுத்தது ஆட்டோ, இதுக்கு தான் எனக்கு கோவமே. வீடியோல கலிஃபோர்னியா மினிமம் லயபிலிட்டி, அதாவது நம்ம தப்பால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கு கட்டாயம் எடுக்க வேண்டிய கவரேஜ், 15/30/5னு சொல்லி எல்லா கணக்கும் அதுலயே போட்டிருந்தாங்க. அது 1967ல இருந்து இருந்த பழைய லிமிட், 2025 ஜனவரி 1ல இருந்து 30/60/15. அதாவது ஒரு ஆளோட காயத்துக்கு அதிகபட்சம் 30,000, ஒரு விபத்துல அடிபட்ட எல்லாருக்கும் சேத்து 60,000, அடுத்தவங்க சொத்து சேதத்துக்கு 15,000. மூணு பேருக்கு அடிபட்டு நஷ்டம் 40,000, 25,000, 15,000னு வெச்சுக்கோங்க, முதல் ஆளுக்கு 30,000க்கு மேல கிடையாது, அப்பவும் கூட்டினா 70,000 வருது, ஆனா விபத்துக்கான லிமிட் 60,000 தான், மீதி வண்டி ஓட்டினவர் கையில இருந்து. பழைய லிமிட்ல மனப்பாடம் பண்ணினா பதில் மொத்தமும் வேற. சட்டம் 2022லயே பாஸ் ஆயிடுச்சு, மாத்தறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சு, ஆனாலும் "2025 அப்டேட்டட்"னு மேல ஒட்டி வித்தாங்க.

கோஇன்சூரன்ஸ் இன்னும் மோசம். மதிப்புல இத்தனை பர்சென்ட்டுக்காவது கவரேஜ் எடுக்கணும், கம்மியா எடுத்தா கிடைக்கற பணமும் அந்த விகிதத்துல குறையும்ங்கற விதி தான் அது. கமர்ஷியல் ப்ராப்பர்ட்டில 80 பர்சென்ட் கணக்கு போடும்போது பாலிசி எடுத்த அன்னிக்கு இருந்த மதிப்பை எடுத்துக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க. கிடையாது, நஷ்டம் நடந்த அன்னிக்கு இருக்கற மதிப்பு தான் கணக்கு. பாலிசி எடுக்கும்போது பில்டிங் 300,000, 240,000க்கு கவரேஜ் எடுத்தாச்சு, அன்னிக்கு அது சரியா 80 பர்சென்ட். நஷ்டம் வர்றப்ப மதிப்பு 400,000 ஆயிடுச்சுன்னா இருக்க வேண்டியது 320,000, இருக்கறது 240,000, அதாவது முக்கால் பங்கு. 40,000 நஷ்டத்துக்கு 30,000, அதுல இருந்து 1,000 டிடக்டிபிள் (பாலிசி எடுத்தவர் தானே போடற பங்கு) கழிச்சா 29,000. அவங்க சொன்ன மாதிரி போட்டா 39,000 வரும். நாளைக்கு லைசென்ஸ் வாங்கி ஒரு கடைக்காரருக்கு இப்படி தப்பா சொன்னா அந்த 10,000 டாலரை அவர் தான் சொந்தமா போடணும், அதை நினைச்சா தான் எனக்கு இன்னும் மனசு ஆறல.

ஹோம்ஓனர்ஸ்லயும் "தண்ணி சேதத்துக்கு எதுவும் கிடைக்காது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. பைப் திடீர்னு வெடிச்சு வீட்டுக்குள்ள தண்ணி ஓடினா அது பொதுவா கவர் ஆகும், வெளில இருந்து வர்ற வெள்ளம் தான் எக்ஸ்க்ளூஷன், அதாவது பாலிசில கவர் ஆகாது. வெள்ளத்துக்கு நேஷனல் ஃப்ளட் ப்ரோக்ராம் தனியா இருக்கு, வீட்டுக்கு அதிகபட்சம் 250,000, சாமானுக்கு 100,000, பொதுவா 30 நாள் காத்திருக்கணும். ஹெச்ஓ-3ங்கற ஹோம்ஓனர்ஸ் பாலிசில வீட்டுக்கு ஓப்பன் பெரில் (விலக்கினதை தவிர எல்லா காரணமும் கவர்), உள்ள இருக்கற சாமானுக்கு நேம்ட் பெரில் (பேர் சொன்ன காரணம் மட்டும் கவர்)ங்கற வித்தியாசம் 40 மணி நேரத்துல ஒரு இடத்துல கூட வரல, அந்த பாலிசிக்கு அடிப்படையே அது தான்.

மனப்பாடம் பண்ணிட்டு போய் உக்காந்தேன், கேள்வி ஒண்ணுகூட "அப்படியே" வரல. ஃபெயில். வீட்டுக்கு வந்து ரீஃபண்ட் கேட்டா, அவங்களோட மாக் டெஸ்ட் 20லயும் 30 நாளுக்குள்ள 90 பர்சென்ட் எடுத்திருக்கணும், ரெண்டு தடவை ஃபெயில் ஆகியிருக்கணும், அப்ப தான் கியாரண்டி செல்லும்னு ஒரு பக்கத்தை அனுப்பறாங்க. பணம் கட்டறப்ப அந்த பக்கத்தை எனக்கு காட்டவே இல்ல. 15/30/5 விஷயத்தை ஸ்க்ரீன்ஷாட்டோட அனுப்பினேன், அந்த தம்பி என்னை ப்ளாக் பண்ணிட்டாரு. கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டேன், ஆனா ரொம்ப லேட்டா போட்டதால பணம் வரல.

ரெண்டாவது தடவை கலிஃபோர்னியா டிபார்ட்மென்ட் ஆஃப் இன்சூரன்ஸ் சைட்ல இலவசமா இருக்கற எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸை (எக்ஸாம்ல என்னென்ன விஷயம் கேப்பாங்கங்கற பட்டியல்) இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் புக்ல பக்கம் தேடி, வார்த்தையை இங்கிலீஷ்லயே வெச்சுட்டு அர்த்தத்தை மட்டும் தமிழ்ல நோட்டுல எழுதி படிச்சேன். ஏழு வாரம் ஆச்சு, பாஸ் ஆயிட்டேன். தமிழ்ல படிக்கறது தப்பே இல்ல, எனக்கு அப்படித்தான் மண்டைல ஏறிச்சு, ஆனா சொல்லிக்கொடுக்கறவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

ஏற்கனவே எங்கயாவது பணம் கட்டியிருந்தீங்கன்னா இன்னிக்கே ஆட்டோ பாடத்தை திறந்து லிமிட் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 15/30/5னு இருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எழுத்துல ரீஃபண்ட் கேளுங்க, போன்ல மட்டும் பேசாதீங்க, பதில் வருதான்னு வாரக்கணக்கா காத்திருக்காம கார்டு கம்பெனிக்கும் உடனே சொல்லிடுங்க, டிஸ்ப்யூட்டுக்கு நாள் கணக்கு இருக்கு.