வெள்ளத்தில் முங்கின கார்கள் விற்பனைக்கு வருகின்றன, கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் இரண்டு மூன்று லட்சத்துக்குள் பழைய கார் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் முங்கின கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, புது சீட் கவரோடு நம்ம பக்கம் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதில் ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவருக்குத் தெரியாமல் நடந்த காரியம் இல்லை இது.

அந்த வெள்ளத்தைப் பற்றி நம்ம ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் எல்லாம் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் இன்னும் மோசம். தூத்துக்குடி டவுனில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வாசலில் நின்ற கார் வாசலிலேயே முங்கியது. அப்படி முங்கின வண்டிகள் எல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விடவில்லை.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். அம்மாவுக்கு டயாலிசிஸ். வாராவாரம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். போகும்போது எப்படியாவது பஸ்ஸில் போய்விடலாம், திரும்பும்போது அவர்களால் உட்காரவே முடியாது. சீட்டுப் பணமும் நகைக்கடனும் சேர்த்து மூன்று லட்சம் புரட்டினோம். 2024 நடுவில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கிற கடையில், 2016 மாடல் வேகன் ஆர் ஒன்றைக் காட்டினார்கள். தூத்துக்குடி ரிஜிஸ்ட்ரேஷன், டிஎன் 69. சிங்கிள் ஓனர், 48 ஆயிரம் கிலோமீட்டர். விலை 2,80,000. அதே மாடல் மற்ற இடங்களில் ஐம்பதாயிரம் கூடச் சொன்னார்கள்.

"பேங்க் மேனேஜர் வச்சிருந்த வண்டி அக்கா, மாறுதலாகிப் போயிட்டாவ. வீட்டு வாசல்லயே நின்ன வண்டி. கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார் கன்சல்டிங்காரர். வாசலில் நின்றது மட்டும் உண்மை.

எங்கள் ஊர் மெக்கானிக் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். பானெட்டைத் திறந்தார், ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, புகை இல்லை, கியர் நன்றாக விழுந்தது. பழைய காருக்கு எல்லோரும் பார்க்கிற பார்வை இதுதான். இந்தப் பார்வையில் வெள்ளம் தெரியாது. இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் மாற்றி, ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டுவிட்டால் மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் தானாகத் திறந்தது. அப்புறம் பவர் விண்டோ நின்றது. அப்புறம் இன்ஜின் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. விற்றவரிடம் கேட்டால் "பேட்டரி வீக்கா இருக்கும், மாத்துங்க" என்றார். மாற்றினோம். கடைசியில் ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது சேரன்மகாதேவி தாண்டி நடுரோட்டில் வண்டி அணைந்தது. திரும்ப எடுக்கவே இல்லை. உச்சி வெயில். அந்தப் பக்கமாக வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர்தான் அம்மாவை முன்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். பணம் போனதை விட அந்த மத்தியானம்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அம்பாசமுத்திரத்தில் கார் வயரிங் மட்டுமே பார்க்கிற ஒருவரிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஸ்கேன் போட்டுப் பார்த்தவர், வந்த கோளாறுகளின் எண்ணிக்கையைப் பார்த்ததும் வேறு எதையும் தொடாமல் முன்சீட்டைக் கழற்றினார். புது கார்பெட். அதைத் தூக்கினால் கீழே இருக்கிற பஞ்சு ஈரவாடை அடித்தது, ஓரமெல்லாம் காய்ந்த வண்டல். வயர்கள் சேருகிற கனெக்டர்களைப் பிரித்துக் காட்டினார். செம்புப் பின்கள் பச்சை பிடித்திருந்தன. "இது முங்கின வண்டி அக்கா" என்றார்.

அவர் சொன்னது இது. வெளியே பட்ட தண்ணீர் காய்ந்துவிடும், கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் காயாது. பின்கள் மெதுவாக அரிக்கும். மாதங்கள் கழித்துத்தான் மின்சாரம் விட்டுவிட்டுப் போக ஆரம்பிக்கும், சென்சார்கள் தப்புத்தப்பாகக் கணக்கு அனுப்பும், இன்ஜினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் குழம்பி வண்டியை நிறுத்தும். ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்தால் அடுத்தது போகும். முழு வயரிங்கையும் மாற்றினால்தான் தீரும், அந்தச் செலவுக்கு வண்டியின் விலையே தாங்காது. விற்கிறவருக்கு இந்த இடைவெளிதான் லாபம்.

ஆர்சியில் இருந்த பழைய முகவரியைத் தேடித் தூத்துக்குடிக்குப் போனோம். அங்கே பேங்க் மேனேஜரும் இல்லை, மாறுதலும் இல்லை. ஒரு ரிட்டயர்டு ஆசிரியர். ஸ்டீயரிங் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதாம். ரிப்பேர்ச் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்று முடிப்பார்கள். அவருக்கும் அப்படித்தான் முடித்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள். மூழ்கின வண்டியை எடுக்க வந்த ஆட்கள் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வண்டி உடைக்கப் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது ரோட்டில் ஓடியது தெரிந்ததும் பதறிவிட்டார். பதறாமல் என்ன செய்வார்? பெயர் மாறாத வரைக்கும் விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் இருக்கிறவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறியதை உங்கள் கண்ணால் பார்க்கிற வரை விடாதீர்கள்.

கன்சல்டிங்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க பாத்து, ஓட்டி, திருப்தியாகித்தான எடுத்திய? டெலிவரி நோட்ல கையெழுத்து இருக்கு." சீட்டைக் கழற்றும்போது எடுத்த போட்டோவைக் காட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

சரி, வாங்கப் போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்? பானெட்டை விட்டுவிட்டு உள்ளே தரைப்பக்கம் குனியுங்கள். சீட் ரெயில் போல்ட்டுகளில் துருவோ ஸ்பேனர் பட்ட தடமோ இருந்தால் சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். எட்டு வருட வண்டியில் சீட்டை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கள். யாரும் இழுக்காத அந்தக் கடைசிச் சாணில்தான் சேற்றுக் கறை நிற்கும். பெல்ட்டில் தைத்திருக்கிற லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், வண்டியை விடப் புதிதாக இருந்தால் காரணம் வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் கைவிட்டுத் துழாவுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து இரும்புப் பட்டைகளைப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க்கோடு இருக்கிறதா பாருங்கள். ஏசியை முதலில் வேகமாக வைத்து மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். உள்ளே சென்ட் அடித்து வைத்திருந்தால் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வாருங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியில் சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த இணைப்பில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அதன் கம்ப்யூட்டர் பெரும்பாலான கார்களில் நடுவில் தரையோடு ஒட்டி இருக்கும், முதலில் முங்குகிறவற்றில் அதுவும் ஒன்று.

அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் எத்தனையாவது ஓனர், லோன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். முங்கின கதை அதில் தெரியாது. அதற்குப் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். ஒரே ஓனர் தொடர்ந்து வைத்திருந்த வண்டியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முழு பாலிசி 2023-24-இல் நின்றுபோய், அதற்கப்புறம் தர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தாலும் துருவிக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் விசாரித்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் வெளியே வரும்.

டெலிவரி நோட்டில் "இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, மூழ்கியது தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி எழுதித் தருவார். மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது, அதையும் காட்டச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள் பளபளப்பைத் தேடவே கூடாது. பம்பரில் கீறல், மங்கின பெயிண்ட், கிழிந்த சீட், ஆனால் சர்வீஸ் பில் வரிசையாக இருக்கிற பத்து வருட ஆல்டோ, பாலிஷ் போட்ட எட்டு வருட வண்டியை விட எவ்வளவோ மேல்.

நாங்கள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் கையில் இருக்கிற பலம், சீட்டைக் கழற்றும்போதே எடுத்த போட்டோக்களும், வயரிங்காரர் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்ததும், அந்த ஆசிரியர் தந்த இன்சூரன்ஸ் கடித நகலும்தான்.

வெள்ளத்துக்கு அப்புறம் நம்ம பக்கம் பழைய கார் வாங்கினவர்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். வண்டல் இருந்தால் அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள். முதலில் வண்டி நம்பரும் சேறும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு.